நிறுத்திய சொல்லும் தொடுத்த பாட்டும்

தமிழில் இலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோர் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை எனத் துறைகளை வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் எழுதியோர் பெயர்களை நிரல்படத் தருவர். வானொலிக்கு நாடகம் எழுதியவர்க்கும், வானொலியில் இலக்கியச் சொற்பொழிவு ஆற்றியவர்க்கும் அவ்வரலாற்றில் ஒரு மூலையேனும் கிடைத்துவிடுகிறது. அந்த நாடகத்தையும் பொழிவையும் நேயரிடம் கொண்டு சேர்த்த அறிவிப்பாளர்க்கு மட்டும் அங்கே இடமில்லை. அவர் பேசியது அச்சேறவில்லை என்பது ஒரு காரணம். அவர் பிறர் படைப்புக்கு வாயிற்காவலர் மட்டுமே என்னும் எண்ணம் மற்றொரு காரணம். ஆயினும், ஏடு படிக்க வாய்ப்பில்லாத ஆயிரக்கணக்கான தமிழர் செவியில் முதன்முதலாக விழுந்த செப்பமான உரைநடை, அறிவிப்பாளர் பேசிய உரைநடையே. அதனையும் திறனாய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும் என்னும் கருத்தினால், இலங்கை ஒலிபரப்பாளர் பி. எச். அப்துல் ஹமீது அவர்களின் கலைவாழ்வை ஈண்டு ஆராயத் துணிகிறோம்.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கொழும்புக் குரலைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். இவ்வட்டாரத் தோட்டங்களுக்கு வானொலி வந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைக்கும். 1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையொட்டி அவசரகாலம் பிறந்தது. அவசரகாலத்தில் அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுமக்கள் கூடிக் கேட்பதற்கு வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசாங்கம் தன் செய்தியைச் சொல்ல வைத்த பெட்டியை, மக்கள் தம் பாட்டைக் கேட்கும் பெட்டியாக ஆக்கிக்கொண்டனர். சேலத்தார், திருச்சியார், தஞ்சையார், வடாற்காட்டார் எனப் பல மாவட்டத்தாரும் ஒரே லயத்தில் குடியிருந்து, தத்தம் வழக்கோடு மலாய்ச் சொற்களையும் கலந்து பேசிய சூழல் அது. எந்த மாவட்டத்தையும் சாராத ஒரு பொதுத்தமிழ் பேச்சாகவே காதில் விழுந்தது அப்பெட்டி வழியேதான்.

மலாயா வானொலி 1946இல் தொடங்கியது. மலேசியத் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. இவ்விரண்டிலும் தமிழ்க்குரல் தந்தோர் பலர். நாவலாசிரியரும் திறனாய்வாளருமான ரெ. கார்த்திகேசு (மறைவு 2016) மலேசிய வானொலியில் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழக விரிவுரையாளரானார். அவருடைய உரைநடையின் தெளிவில் ஒலிவாங்கியின் பங்கும் உண்டு என்பது எம் கணிப்பு. 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ச. சாமிவேலுவும் அரசியலில் உயர்வதற்கு முன் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவரே. மேடையில் அவர் குரல் கணீரென்று ஒலித்ததற்கு அப்பயிற்சி துணைசெய்திருக்கும். இவர்களை விட்டு ஹமீது அவர்களை இங்கு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. வானொலியில் பிறந்த ஒரு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்கும், பின்னர்ப் பல நாட்டு மேடைகளுக்கும் கொண்டுசென்ற மனிதர் அவர். ஊடகம் மாறும்போது மொழிக்கு நேர்வது என்ன என்பதை ஒருவர் வாழ்வில் வைத்தே காணும் வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிட்டவில்லை.

முதலில் அவர் வளர்ந்த நிலையத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கொழும்பில் ஒலிபரப்பு 1925இலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக அங்கு நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை பரப்பி, போருக்குப்பின் இலங்கையின் கைக்கு வந்தது. தமிழகத்தின் கடற்கரையூர்களில் சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்டதென்று முதியோர் பலர் சொல்வர். 1952இல் இந்திய அரசு வானொலி திரைப்பாடலைச் சுருக்கியது. அதனால் விளைந்த வெற்றிடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பிற்று. இந்தியில் அமீன் சயானி அவ்வாண்டே கொழும்பு வழியே தம் பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கி இந்தியா முழுதும் புகழ்பெற்றார். தமிழில் எஸ். பி. மயில்வாகனன் பெயர் வீட்டுப் பெயராயிற்று. இந்தியா 1957இல் ‘விவித பாரதி’யைத் தொடங்கிய பிறகும் கொழும்பின் நேயர்கள் குறைந்தாரில்லை. பாட்டு இரண்டிடத்திலும் ஒன்றே. அதனைச் சொல்லித் தரும் முறையில்தான் வேறுபாடு இருந்தது.

அந்த முறை யாது? பாட்டுக்கு முன்னோ பின்னோ படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், பாடலை இயற்றியவர் ஆகியோர் பெயர்களைத் தவறாது சொல்வதை இலங்கை அறிவிப்பாளர்கள் ஒரு கடமையாகவே கொண்டிருந்தனர். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். திரையரங்கில் பாட்டு நடிகருடையதாகிவிடுகிறது, இசைத்தட்டில் பாடகருடையதாகிவிடுகிறது. இயற்றிய கவிஞனுக்கு உரியதைக் கொடுத்தவர் அறிவிப்பாளர். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம், மருதகாசி, கண்ணதாசன் என்னும் பெயர்களைப் புத்தகம் வாங்காத வீடுகளும் அறிந்துகொண்டது இவ்வழக்கத்தால்தான். நூலாசிரியன் பெயர் கூறுதலைப் பாயிரத்தின் இலக்கணமாக வகுத்த மொழியில், அறிவிப்பும் ஒரு பாயிரமே எனலாம்.

அந்நிலையத்தில் பல குரல்கள் இருந்தன. கே. எஸ். ராஜா பெருக்கெடுத்த வெள்ளம் போன்று பேசினார். அவர் வேகத்தில் மூச்சு எங்கே விடுகிறார் என்று நேயர் வியந்தனர். இராஜேஸ்வரி சண்முகம் நாடகப் பயிற்சியால் வந்த கனிவோடு பேசினார். சிறுவர் நிகழ்ச்சி வழியே இளவயதில் நிலையத்துக்குள் வந்து, வானொலி நாடக நடிப்பிலும் பயின்று அறிவிப்பாளரான ஹமீது அவர்களின் பேச்சு இவ்விரண்டினின்றும் வேறானது. அதனை நிதானம் என்ற ஒரு சொல்லில் அடக்குவர் பலர், அது போதாது. நிதானமாகப் பேசுவோர் பலர் சொற்களை ஒரே அளவில் இழுத்து நேயரைத் தூங்கவைத்துவிடுவர். இவரோ வாக்கியத்தின் பெரும்பகுதியை இயல்பான ஓட்டத்தில் விட்டு, பொருள் தங்கும் சொல்லுக்கு முன் ஒரு நொடி நிறுத்துவார். நேயர் அந்தச் சொல்லை எதிர்நோக்கும்படி செய்துவிட்டு அதனைத் தருவார். லகர, ளகர, ழகரங்கள் தத்தம் இடத்தில் பிறக்கும். நகரமும் னகரமும் ணகரமும் மயங்கா. தொல்காப்பியத்துப் பிறப்பியலை நடத்தும்போது நாவும் அண்ணமும் பொருந்தும் இடங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம். இவர் குரலைப் பத்து நிமிடம் கேட்கச் செய்தால் மாணவர்க்கு அவ்வியல் எளிதில் விளங்கும்.

ராஜாவையும் இவரையும் ஒப்பிட்டு யார் சிறந்தவர் என வழக்காடுவோர் இன்றும் உளர். அவ்வழக்கில் எமக்கு ஆர்வமில்லை. ராஜாவின் கலை தன்னைக் கேட்கச் செய்வது. ஹமீதின் கலை அடுத்து வருவதைக் கேட்கச் செய்வது. முன்னது ஒருவரோடு முடியும் கலை. பின்னதைப் பயிற்றுவிக்க முடியும். ஆசிரியர்களாகிய நமக்கு அதுவே பயன்படும்.

இனி, அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்துவிட்ட ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சிக்கு வருவோம். இலங்கை வானொலியில் அவர் உருவாக்கி நடத்திய விளையாட்டு அது. இதன் விதியை மேலோட்டமாகப் பார்ப்போர், வடநாட்டு ‘அந்தாக்ஷரி’யின் தமிழ் வடிவம் என்று ஒதுக்கிவிடுவர். அது பொருந்தாது. அந்தாக்ஷரியில் ஒருவர் பாடி முடித்த இறுதி எழுத்தைக் கொண்டு அடுத்தவர் தொடங்கவேண்டும். பாட்டுக்குப் பாட்டிலோ பாடுபவரை நடுவே நிறுத்துவர். அவர் நின்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அடுத்தவர் தொடங்குவார். ஈற்றெழுத்தை விட்டு முதலெழுத்தைப் பற்றிய இவ்வொரு மாற்றத்தில் தமிழ் இலக்கணமே அடங்கியிருக்கிறது.

எவ்வாறெனின், தமிழில் மொழிக்கு முதலாகும் எழுத்துகள் வேறு. ஈறாகும் எழுத்துகள் வேறு. மொழிமரபில் தொல்காப்பியர் இதனைத் தனித்தனியே வகுத்துள்ளார். நம் சொற்கள் பெரும்பாலும் மகர, னகர, லகர, ளகர, ரகர மெய்களில் முடிவன. இவற்றுள் மகரம் நீங்கலாக ஏனையவை தனித்தமிழ்ச் சொற்களுக்கு முதலாகா. ஈற்றெழுத்தே விதியாக இருந்திருப்பின், ‘அவள்’ என்று ஒருவர் முடித்த மாத்திரத்தில் ளகரத்தில் பாட்டின்றி அடுத்தவர் வாயடைத்து நிற்பார். இந்தியில் சொல்லின் ஈற்றில் நிற்கும் எழுத்துகள் பெரும்பாலும் சொல்லுக்கு முதலாகவும் வந்து விளையாட்டை நடத்திச் செல்கின்றன. ஆதலின் அங்கே அவ்விதி செல்லுகிறது. நின்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டால், அது ஏற்கெனவே ஒரு சொல்லுக்கு முதலாக நின்ற எழுத்தாதலின், மற்றொன்றுக்கும் முதலாதல் உறுதி. இலக்கணத்தை எண்ணி வகுத்தாரோ, செவிப்பழக்கத்தால் கண்டாரோ, விதி மொழிக்குப் பொருந்தி அமைந்துவிட்டது. ஈறு முதலாகத் தொடுக்கும் அந்தாதி நமக்கும் உண்டே எனின், அந்தாதி எழுத்தோடு நில்லாமல் அசையையும் சொல்லையும் அடியையும் கூடத் தொடுக்கும்; மேலும் புலவன் தன் ஈற்றைத் தானே தேர்ந்துகொள்கிறான். இங்கே அடுத்தவர்க்குக் கிடைக்கும் எழுத்து பாடுபவர் கையில் இல்லை.

நிறுத்தும் இடம் போட்டியின் போக்கையே மாற்ற வல்லது. ககரத்திலோ மகரத்திலோ நின்றால் போட்டியாளர்க்குப் பாடல்கள் மலையாகக் குவிந்திருக்கும். ஞகரத்தில் நின்றால் திகைப்பு. (சகர அகரம் மொழிக்கு முதலாகாது என்றார் தொல்காப்பியர். திரைப்பாட்டு மேடையில் சகரமும் ரகரமும் தடையின்றி முதலாவதைக் கண்டால் அவர் என்ன சொல்வாரோ!) நின்ற எழுத்து குறிலா நெடிலா என்று ஹமீது பிரித்துச் சொல்வார். குறில், நெடில் என்னும் சொற்கள் வகுப்பறைக்கு வெளியே, பொழுதுபோக்கு மேடையில், பல்லாயிரவர் முன் பொருளோடு வழங்கியது தமிழ் ஒலிபரப்பில் பெரிய செய்தி என்றே கொள்கிறோம். சொல்லைத் திரித்துப் பாடினால் அவர் திருத்துவார். திருத்தும்போது பாடியவர் நாணும்படி சிரிக்கமாட்டார். இதைச் சொல்லக் காரணம், பின்னாளில் வந்த பாட்டுப் போட்டிகள் பலவற்றில் போட்டியாளரின் கண்ணீரே விற்பனைப் பொருளாகிவிட்டது.

1993ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சி தோன்றியது. அதே ஆண்டில் இந்தியில் அன்னு கபூர் நடத்திய ‘அந்தாக்ஷரி’ சீ தொலைக்காட்சியில் வந்தது. பாட்டு விளையாட்டுக்குத் தொலைக்காட்சியில் இடமுண்டு என்று எல்லா மொழியாரும் கண்டுகொண்ட காலம் அது. ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ என்று நகைக்கடையின் பெயரைத் தாங்கி இந்நிகழ்ச்சி சன் தொலைக்காட்சியில் வந்தபோது, வானொலியில் அவரைக் கேட்டறியாத தலைமுறையும் அவரை அறிந்தது. நம் நாட்டில் ஆஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சி 1996இல் வந்ததன் பின், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் வீட்டுக்குள் வரலாயின.

தொலைக்காட்சியே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. எனினும் அவர் கலையின் உச்சம் வானொலியில்தான் என்பது எம் முடிபு. வானொலியில் அறிவிப்பாளரின் சொல் தவிர நேயர்க்கு வேறு பற்றுக்கோடில்லை. போட்டியாளர் எவ்வூரார், என்ன நிறத்துச் சேலை உடுத்தியிருக்கிறார், பதறுகிறாரா, புன்னகைக்கிறாரா என்பன எல்லாம் அறிவிப்பாளர் சொல்லிலும் குரலிலும் ஏறி வந்தாக வேண்டும். தொலைக்காட்சியில் இப்பணியை ஒளிப்படக்கருவி மேற்கொள்கிறது. ஹமீது கருவிக்கு முன்னும் வானொலியில் பேசியது போலவே பேசினார். கைகளை வீசவில்லை, மேடையில் ஓடவில்லை, ஆங்கிலத்தைக் கலக்கவில்லை. மெச்சத்தக்க பிடிவாதம் இது. ஆனால் காட்சி ஏற்கெனவே சொல்லிவிட்டதைச் சொல் மீண்டும் சொல்லும்போது அச்சொல் அணியாக மாறிவிடுகிறது. தொலைக்காட்சியில் அவர் தமிழைப் பார்வையாளர் வியந்தனர். வானொலியில் அத்தமிழை வியக்க நேரமின்றி அதனூடே நிகழ்ச்சியைக் கண்டனர்.

மற்றொரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். பாட்டுக்குப் பாட்டு, திரைப்பாடல் அல்லாத எதனையும் அரிதாகவே தன் எல்லைக்குள் கொண்டது. தேவாரமும் பாரதியும் திரைப்படத்தில் வந்தால் மட்டுமே அங்கு இடம்பெறும். மேலும் இவ்விளையாட்டு பாடலின் தொடக்கத்தையே பரிசுக்குரியதாக்கிற்று. ஒரு பாடலின் மூன்றாம் சரணத்தில் கவிஞன் வைத்த கருத்தை அறிந்தவனுக்கு இதில் ஆதாயமில்லை. நூறு பல்லவிகளை முதலெழுத்து வரிசையில் அடுக்கி வைத்திருப்பவனே வெல்வான். கவிஞன் பெயரை ஓயாது சொல்லிப் பாடலின் மதிப்பை உயர்த்திய நிலையத்திலிருந்து, பாடலை எழுத்தாகச் சுருக்கும் விளையாட்டும் பிறந்தது ஒரு முரண். ஹமீது இம்முரணை உணர்ந்தவராகவே தோன்றுகிறார். பாடல் முடிந்ததும் இயற்றியவரையும் இசையமைத்தவரையும் பற்றி இரண்டொரு வாக்கியம் அவர் சேர்ப்பது அதனாலேயே எனக் கருத இடமுண்டு. இந்த இரண்டொரு வாக்கியங்களே நிகழ்ச்சியின் உயிர்.

அவர் பேசிய தமிழ் எவ்வூர்த் தமிழ் என்ற கேள்வியும் எழும். கொழும்பில் வாழ்ந்த முஸ்லிம் தமிழர் அவர். யாழ்ப்பாணத்துப் பேச்சும், மட்டக்களப்புப் பேச்சும், மலையகத் தோட்டப் பேச்சும் அவர் செவிக்குப் பழக்கமானவை. 2000இல் வெளிவந்த ‘தெனாலி’ திரைப்படத்தில் கமல்ஹாசன் ஈழத்தமிழராக நடித்தபோது, அப்பேச்சுவழக்கைப் பயில அவருக்குத் துணைநின்றவர் ஹமீது. இத்துணை வழக்குகளை அறிந்தவர் ஒலிவாங்கியின் முன் எதனையும் கைக்கொள்ளாமல், எவ்வூராரும் தமதென்று கொள்ளக்கூடிய ஒரு தமிழைத் தேர்ந்துகொண்டார். இந்தத் தேர்வை வெறும் நடைவிருப்பமாகக் கொள்ளலாகாது. 1983க்குப் பின் இலங்கையில் ஒருவர் பேசும் தமிழின் ஒலியைக் கேட்டே அவர் எவ்வூரார், எப்பக்கத்தார் என ஐயுற்ற காலம் வந்தது. அரசு நிலையத்தில் தமிழ்க்குரலாக இருப்பது இருபுறமும் சந்தேகத்துக்கு ஆளாகும் தொழிலாயிற்று. கே. எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அத்தகைய சூழலில், பாட்டையும் நாடகத்தையும் அறிவித்துக்கொண்டு, யாரையும் வேற்றாராக்காத ஒரு மொழியில் நாள்தோறும் பேசுவதற்கு உறுதி வேண்டும். யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் மலேசியரும் அவரைத் தம்மவராகக் கருதுவதன் மூலம் இங்கேதான் உள்ளது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மலையகத் தோட்டத்தொழிலாளி ஒலிபரப்பில் பேசும்போது தன் பேச்சை மறைத்துக்கொண்டு அறிவிப்பாளரைப் போலப் பேச முயல்வது வழக்கமாயிற்று. நம் நாட்டிலும் தோட்டத்தார் தம் பேச்சைத் தாழ்வாக எண்ணக் கற்றதில் வானொலிக்குப் பங்குண்டு. ரப்பர் மரம் சீவிய தலைமுறையின் சொற்கள் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் சிதறின. லயத்துப் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைக்க அறிஞர் போதிய அளவு முன்வந்தாரில்லை. பொதுத்தமிழின் வெற்றியைப் போற்றும் இடத்தில் இந்த இழப்பையும் எழுதி வைத்தல் முறை.

நம் பள்ளிகளுக்கு வருவோம். சுங்கை சிப்புட்டில் துன் வீ. தி. சம்பந்தன் 1950களில் நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலை முதல் தோட்டப்புறத்துச் சிறு பள்ளிகள் வரை, கலைநிகழ்ச்சி என்றால் பாட்டுக்குப் பாட்டு எளிதில் இடம்பிடித்துக்கொள்ளும் காலம் ஒன்று வந்தது. தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளில் இப்போட்டி நடக்கும்போது பெரும்பாலும் நாம் காண்பது விளையாட்டின் ஓட்டை மட்டுமே. மணி அடிக்கிறது, எழுத்து சொல்லப்படுகிறது, பாட்டுத் தொடங்குகிறது. ழகரத்தை யகரமாக்கிப் பாடினாலும் கைதட்டு விழுகிறது. பாடலை எழுதியவர் யாரென்று நடத்துபவர் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. ஹமீது நிகழ்ச்சியில் எது சிறந்ததோ அதனை விட்டுவிட்டு, எது குறையோ அதனை எடுத்துக்கொண்டோம். விளையாட்டைக் கைவிட வேண்டுமென்று சொல்ல வரவில்லை. நின்ற சொல்லுக்குப் பொருள் கூறினால் ஒரு புள்ளி, இயற்றியவரைக் கூறினால் ஒரு புள்ளி, திரைப்பாடலுக்கு ஈடாக ஒரு பாரதி பாடலோ தேவாரமோ பாடினால் இரண்டு புள்ளி எனச் சேர்த்துவிட்டால் இதே மேடை வகுப்பறைக்குப் பெருந்துணையாகும்.

ஹமீது அண்மையில் தம் ஒலிபரப்பு நினைவுகளை ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்ற பெயரில் நூலாக்கியிருக்கிறார். அறிவிப்பாளர்க்கு இலக்கிய வரலாற்றில் இடமில்லாமற் போனதற்கு அச்சின்மை ஒரு காரணம் என்று தொடக்கத்தில் கூறினோம். அக்குறையை அவரே ஓரளவு நீக்கிவிட்டார். நூலின் தலைப்பில் தம்மை வழிப்போக்கன் என்று அவர் சொல்லிக்கொள்வதை வெறும் தன்னடக்கம் என்று கொள்ளத் தோன்றவில்லை. நூலைப் படிப்போர் ஒரு வாக்கியத்தைக் கண்ணால் படித்தபின் அவர் குரலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அச்சில் காற்புள்ளியே இல்லாத இடத்தில், பொருள் தங்கும் சொல்லுக்கு முன், நம் நாவும் ஒரு நொடி நின்றுவிடும்.